ஐம்பது லட்சம் பிசகோடு எரியும் விளக்கு

எல்.இ.டி. பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றினால், உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் மஞ்சள் சதுரங்கள் ஒட்டியிருப்பது தெரியும். அந்த மஞ்சள், மேலே பூசிய பாஸ்பர் எனும் ஒளிரும் பொடியின் நிறம். அதற்கு அடியில் கிடப்பது நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடு சிப். அந்தப் படிகத்தில் 1 மில்லிமீட்டர் சதுரத்தை எடுத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 50 லட்சம் இடங்களில் அணு வரிசை பிசகியிருக்கும். இருந்தும் நல்ல சிப் ஒன்று, உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீல ஒளியாக்கி வெளியே விடுகிறது, ஆண்டுக்கணக்கில். டி.வி. ரிமோட்டின் நுனியில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி. காலியம் ஆர்சனைடு இனத்தைச் சேர்ந்தது. அதில் இந்த எண்ணிக்கையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகு இருந்தாலே ஒளி பெரிதும் விழுந்துவிடும்.

பாடப்புத்தகம் படிகக் குறைகளை வகை பிரித்துக் கொடுக்கும்: புள்ளிக்குறை, கோட்டுக்குறை, பரப்புக்குறை. பரீட்சைக்கு அது போதும். ஒளிச் சாதனம் செய்பவர் கேட்கிற கேள்வி வேறு. எலக்ட்ரான் அந்தக் குறையிடம் போய்ச் சேருமா? சேர்ந்த பிறகு அந்தக் குறை நின்ற இடத்திலேயே நிற்குமா, நகர ஆரம்பிக்குமா? எத்தனை குறை என்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரும். நீல எல்.இ.டி. பிழைத்ததும், முதல் காலியம் ஆர்சனைடு லேசர்கள் செத்ததும் இந்த இரண்டு கேள்விக்கான விடையில்தான்.

பாயில் ஒரு பிசகு

கோட்டுக்குறையை ஆங்கிலத்தில் டிஸ்லொகேஷன் என்பார்கள். மூட்டு விலகினால் நாம் சொல்லும் ‘பிசகு’ என்ற சொல்லே அதற்கு அப்படியே பொருந்துவதால், இங்கே அதையே பயன்படுத்துவோம்.

பத்தமடைப் பாயில் பாவு பருத்தி நூல், ஊடை கோரை. பட்டுப்பாய் என்று சொல்லும் நயமான பாய்க்குக் கோரையை இழை இழையாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து நெய்கிறார்கள். அப்படி நெய்யும்போது ஒரு கோரை மறுகரை வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனி இருக்கும் இடத்தைத் தாண்டியதும் மேல் கோரையும் கீழ்க் கோரையும் ஒன்றை ஒன்று நெருங்கி, விட்ட இடத்தை அடைக்கும். நாலு விரல் தள்ளிப் பார்த்தால் பாய் ஒழுங்காகத்தான் இருக்கும். நுனியைச் சுற்றி மட்டும் ஒரு பக்கம் நெருக்கம், மறுபக்கம் இளக்கம். இதுதான் விளிம்புப் பிசகு. பாய் தட்டையானது, அதனால் நுனி ஒரு புள்ளியாகத் தெரிகிறது. படிகத்துக்குக் கனம் உண்டு. அங்கே பாதியில் நிற்பது ஒரு முழு அணுத் தளம், அதன் விளிம்பு ஒரு நீண்ட கோடு. அந்தக் கோடு படிகத்துக்குள் சும்மா முடிய முடியாது. ஒன்று மேற்பரப்பு வரை ஓடவேண்டும், அல்லது இன்னொரு பிசகோடு சேர்ந்து வளையமாக மூடிக்கொள்ள வேண்டும். குறைக்கடத்தி அடுக்குகளில் வரும் தலைவலி பாதி இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது. அடியில் பிறந்த பிசகு, மேலே எத்தனை அடுக்கு வளர்த்தாலும் கூடவே ஏறி வரும்.

இன்னொரு வகை சுழல் பிசகு. அணுத் தளங்கள் ஒரு கோட்டைச் சுற்றி வளைபடி மாதிரி ஏறிப்போகும். அதைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து வந்தால் ஒரு படி மேலே நிற்பீர்கள். காலியம் நைட்ரைடில் அந்தப் படி 5.185 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம், பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). விளிம்புப் பிசகில் விலகல் 3.189 ஆங்ஸ்ட்ராம். இரண்டும் கலந்த பிசகும் உண்டு. எண்ணிக்கையில் விளிம்பு வகைதான் மிக அதிகம். மின்கசிவில் அதிகம் சந்தேகிக்கப்படுவது சுழல் வகை.

சுழல் பிசகை முழுக்கத் திட்டிவிடவும் முடியாது. உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு எடுக்கக் காய்ச்சிய பதநீர்ப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் வைப்பார்கள். அவ்வளவு மெதுவாக வளரும் படிகத்தின் வழவழப்பான முகத்தில் புதிய அடுக்கு ஒன்றைத் தொடங்குவது மூலக்கூறுக்குக் கடினம். வந்து ஒட்டினாலும் பிடிமானம் இல்லாமல் திரும்பப் பாகுக்கே போய்விடும். ஏற்கெனவே ஒரு படி இருந்தால் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சுழல் பிசகு தருவது தீராத படி. எவ்வளவு ஒட்டினாலும் படி சுழன்றுகொண்டே மேலே போகும், மறையாது. 1949-ல் இயற்பியலாளர் பிராங்க் இதைச் சொல்லித்தான், கணக்குப்படி வளரவே கூடாத குறைந்த செறிவிலும் படிகங்கள் ஏன் வளர்கின்றன என்பது விளங்கியது. நெல்லை, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் பீக்கரில் மெதுவான ஆவியாதல் முறையில் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகம் வளர்ப்பவர்களும் இந்தப் படிகளின் உதவியில்தான் வளர்க்கிறார்கள்.

ஆறும் ஏழும்

பீக்கரில் படிகம் தன் இஷ்டத்துக்கு வளரும். ஒளிச் சாதனத்துக்கு வேண்டிய அடுக்கு அப்படி வளர முடியாது. வேறொரு படிகத்தை அடித்தட்டாக வைத்து, அதன் அணு வரிசையைப் பார்த்தே மேலே வரிசை பிடிக்க வேண்டும். இதற்குப் பெயர் எபிடாக்ஸி. பிசான நடவில் கயிறு பிடித்து நடுவது போல, கீழே இருக்கும் வரிசைதான் கயிறு.

கயிற்றில் இருக்கும் முடிச்சின் இடைவெளியும் நாற்றுக்கு வேண்டிய இடைவெளியும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? காலியம் நைட்ரைடுக்குச் சொந்தமான அடித்தட்டு மலிவாகக் கிடைப்பதில்லை. அதனால் சஃபயர் எனும் செயற்கை நீலக்கல்லின் மேல் வளர்க்கிறார்கள். சஃபயரில் அலுமினிய அணுக்களின் இடைவெளி 2.747 ஆங்ஸ்ட்ராம், மேலே வரும் காலியத்தின் இடைவெளி 3.189. வித்தியாசம் 16 சதவீதம். ஏழு சஃபயர் இடைவெளி சேர்ந்தால் 19.2 ஆங்ஸ்ட்ராம், ஆறு காலியம் இடைவெளி சேர்ந்தால் 19.1. ஆக, ஏழுக்கு ஆறு என்று சமாதானம் ஆகிறது. ஒவ்வொரு ஏழாவது வரிசையும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. எல்லையில் படுத்துக் கிடக்கும் இந்தப் பிசகுகளால் ஒளிக்குக் கெடுதல் இல்லை. ஒளி பிறக்கும் இடம் அங்கிருந்து பல மைக்ரான் மேலே இருக்கிறது. கெடுதல் செய்வது எழுந்து நின்று மேலே ஏறும் பிசகு.

வித்தியாசம் சிறிதாக இருந்தால் கதை வேறு. அடுக்கு தன்னைக் கொஞ்சம் நெருக்கியோ இழுத்தோ கீழே இருக்கும் அளவுக்கு உட்கார்ந்துகொள்ளும், பிசகே வராது. ஆனால் தடிமன் கூடக் கூட உள்ளே தேங்கும் விறைப்பும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் பிசகு போட்டு விறைப்பைத் தளர்த்துவதே படிகத்துக்கு லாபம். 1974-ல் மேத்யூஸ், பிளேக்ஸ்லீ இருவரும் கணக்கிட்டுக் காட்டிய இந்த எல்லைத் தடிமன், 1 சதவீத வித்தியாசத்துக்குப் பத்து, இருபது நானோமீட்டர்தான். வித்தியாசம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் தடிமன் பத்து மடங்குக்கும் மேலே போகும்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைய இணைப்பு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. சுவரில் மாட்டிய பெட்டிக்குள், 1310 நானோமீட்டரில் அனுப்பும் லேசரும், 1490 நானோமீட்டரில் வருவதை வாங்கும் உணரியும் இண்டியம் பாஸ்பைடு அடித்தட்டில் வளர்ந்தவை. உணரியில் ஒளியை உறிஞ்சும் அடுக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு. அதில் இண்டியம் 53 சதவீதம், காலியம் 47 இருந்தால் அடித்தட்டின் 5.8687 ஆங்ஸ்ட்ராம் அளவோடு ஒத்துப்போகும். இண்டியம் ஒரு சதவீதம் தப்பினால் 0.07 சதவீத வித்தியாசம் வந்துவிடும். ஒரு மைக்ரானுக்கு மேல் வளர்க்க வேண்டிய அடுக்கில் அதுவே உறுத்தும். அதனால்தான் வாயுக் குழாயில் ஓடும் மூலப்பொருளின் அளவை ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குக் கட்டுப்படுத்துகிறார்கள்.

அடுப்புக்குள் நடப்பது

நீல எல்.இ.டி. அடுக்குகளை எம்.ஓ.சி.வி.டி. என்னும், ஆவியிலிருந்து படியவைக்கும் அடுப்பில் வளர்க்கிறார்கள். டிரைமெத்தில்காலியத்தின் ஆவியும் அம்மோனியாவும் சுழலும் தட்டின் மேல் வந்து சிதைந்து, காலியமும் நைட்ரஜனும் படியும். 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் நேரடியாகச் சஃபயரின் மேல் வளர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுகோணக் குன்றுகள் முளைக்குமே தவிர அடுக்கு கிடைக்காது. பல ஆண்டுகள் இந்தத் துறை முட்டிக்கொண்டு நின்ற சுவர் அது. 1986-ல் ஜப்பானின் நகோயாவில் அகாசாகி, அமானோ குழுவினர், குறைந்த வெப்பத்தில் மெல்லிய அலுமினியம் நைட்ரைடு ஏட்டை முதலில் போட்டு அந்தச் சுவரைத் தாண்டினார்கள். 1991-ல் நிச்சியா நிறுவனத்தில் நகமுரா, காலியம் நைட்ரைடையே அந்த ஏடாகப் போட்டுக் காட்டினார். மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இன்றைய வழக்கம் ஏறத்தாழ இப்படி. சஃபயரை ஹைட்ரஜனில் 1050 முதல் 1100 டிகிரி வரை ஐந்து பத்து நிமிடம் சுட்டு முகத்தைச் சுத்தம் செய்வார்கள். பிறகு 530 டிகிரி சுற்றி இறக்கி, 25 நானோமீட்டர் கனத்துக்குக் காலியம் நைட்ரைடு ஏடு. இது அரைகுறைப் படிகம், பார்வைக்குப் புழுதி பூத்த மாதிரி. அடுத்து அம்மோனியா ஓட வெப்பத்தை 1050 டிகிரிக்கு ஏற்றும்போது ஏட்டின் பெரும்பகுதி கரைந்து போய், மிச்சம் சின்னச் சின்னத் தீவுகளாகத் திரண்டு ஒழுங்கான படிகமாகிறது. இந்தத் தீவுகள்தான் விதை. இவை பக்கவாட்டில் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டி ஒட்டும்போது முழு அடுக்கு உருவாகும்.

பிசகு அதிகமாகப் பிறப்பது இந்த முட்டும் இடத்தில். ஒவ்வொரு தீவும் மற்றதைவிட இம்மி திரும்பியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கும். திரும்பிய இரண்டு தீவு ஒட்டினால் எல்லையில் விளிம்புப் பிசகுகள் வரிசையாக நிற்கும். ஆகவே தீவுகள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெரியதாக இருந்தால் எல்லைகள் குறையும், பிசகும் குறையும். முதலில் போடும் ஏடு மெலிந்து போனால் ஏற்றும் வெப்பத்தில் காணாமல் போய், வெற்றுச் சஃபயர் தெரிய ஆரம்பிக்கும். தடித்துப் போனால் தீவுகள் கண்டபடி சாய்ந்து, அடுக்கு சொரசொரப்பாகும். ஐந்து நானோமீட்டர் முன்பின் ஆனாலே வித்தியாசம் தெரியும். தீவுகள் முளைக்கும் கட்டத்தில் அழுத்தத்தைக் கூட்டி அம்மோனியாவைக் குறைத்து மெதுவாக வளரவிடுவது, ஒட்டும் கட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்து அம்மோனியாவைக் கூட்டுவது என்று இரண்டாகப் பிரித்து ஓட்டுவார்கள்.

அடுப்பைத் திறக்காமலே இதைப் பார்க்க வழி உண்டு. 633 நானோமீட்டர் ஒளியை மேலிருந்து அடித்துத் திரும்பி வருவதை அளக்க வேண்டும். தீவுகள் முளைக்கும்போது ஒளி சிதறி, திரும்புவது சரிந்துவிடும். தீவுகள் ஒட்டி முகம் சமமாக ஆக, அளவு அலை அலையாக ஏறி இறங்கும். ஓர் அலைக்குச் சுமார் 135 நானோமீட்டர் தடிமன். அலை முழு வீச்சுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்பது அனுபவசாலிக்கு நாடி பார்ப்பது போல. சீக்கிரம் திரும்பினால் பொடித் தீவுகள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன, பிசகு கூடுதலாக வரும். ரொம்ப நேரம் திரும்பாவிட்டால் தீவுகள் ஒட்டாமல் குழி விழும் அபாயம்.

பிறகு 3, 4 மைக்ரான் அடுக்கு. ஏறும் பிசகுகள் சில வழியில் வளைந்து ஒன்றோடொன்று கலந்து அழியும். அதை ஊக்குவிக்கச் சஃபயரிலேயே 3 மைக்ரான் இடைவெளியில் கூம்புகள் செதுக்கி வைக்கிறார்கள். கூம்பின் சரிவில் வளர்ச்சி பக்கவாட்டில் போவதால் பிசகுகளும் வளைகின்றன. அந்தக் கூம்புகளே உள்ளே மாட்டிக்கொண்ட ஒளியைச் சிதறடித்து வெளியே தள்ளவும் செய்வதால், ஒரே செலவில் இரண்டு வேலை. இத்தனையும் செய்து வந்து நிற்கும் எண்ணிக்கைதான் சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கோடி. 1 மில்லிமீட்டர் சதுரத்தில் 50 லட்சம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஒளி பிறக்கும் கிணறுகளை, அதாவது எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் இண்டியம் கலந்த மெல்லிய அடுக்குகளை, வளர்க்க வெப்பத்தை 750 டிகிரி அளவுக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் இண்டியம் ஒட்டாமல் ஆவியாகிவிடும். ஒரு கிணறு 3 நானோமீட்டர், அதாவது பன்னிரண்டு அணு இரட்டைத் தளம். நீலத்துக்கு 15 சதவீதம் அளவில் இண்டியம். ஒரு டிகிரி மாறினால் நிறம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு நகரும். வேஃபர், அதாவது அடுக்குகளைத் தாங்கும் சஃபயர் வில்லை, சற்று வளைந்து நடுப்பகுதி அடுப்பின் தட்டை விட்டு எழும்பினால் போதும், நடுவில் ஒரு நீலம், ஓரத்தில் ஒரு நீலம் என்று வந்து நிற்கும். படிகக் குறை என்று சந்தேகித்துத் தேடும் எத்தனையோ கோளாறு கடைசியில் இந்த வளைவில் வந்து முடிகிறது.

ஏன் நீலம் பிழைக்கிறது

பிசகின் நடுவே இணை கிடைக்காத பிணைப்புகள் தொங்கும். அவை எலக்ட்ரான் நிற்க முடியாத ஆற்றல் இடைவெளிக்கு நடுவே படிக்கட்டு போட்ட மாதிரி நிலைகளைத் தரும். எலக்ட்ரான் அதில் இறங்கித் துளையோடு (எலக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடத்தோடு) சேர்ந்தால் 2.75 எலக்ட்ரான் வோல்ட் ஒளியாக வராமல் வெப்பமாகப் போய்விடும். இது எல்லாக் குறைக்கடத்திக்கும் பொது. வித்தியாசம் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் அலைகிறது என்பதில் இருக்கிறது.

சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கோடி பிசகு என்றால் இரண்டு பிசகுக்கு நடுவே சராசரி 450 நானோமீட்டர். நீலக் கிணற்றுக்குள் எலக்ட்ரானும் துளையும் சந்திக்கும் முன் அலைவது நூறு நானோமீட்டர் அளவுதான். இண்டியம் அணுக்கள் சீராகப் பரவாமல் அங்கங்கே கூடிக் கிடப்பதால், துளைகள் சில நானோமீட்டர் அகல ஆற்றல் பள்ளங்களில் சிக்கி நின்றுவிடும். பெரும்பாலானவை பிசகைப் பார்க்காமலே ஒளியாகிவிடுகின்றன. காலியம் ஆர்சனைடில் அவை பல மைக்ரான் அலையும், வழியில் இருக்கும் பிசகை எல்லாம் முட்டும்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் ஆலையில் செய்யும் சிலிக்கான் சோலார் செல், இதே கணக்கின் மறுகோடி. அங்கே ஒளி பட்டுப் பிறந்த எலக்ட்ரான் சுமார் 150 மைக்ரான் கனத்தைக் கடந்து மின்முனைக்குப் போய்ச் சேர வேண்டும். நீலக் கிணற்றில் அலையும் தூரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அவ்வளவு தூரத்தில் பிசகுகள் இருந்தால் எதுவும் மிஞ்சாது. அதனால் சிலிக்கான் உருளையை இழுக்கும்போதே, தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் கழுத்தாக மெலியவிட்டுப் பிசகுகளை ஓரத்துக்கு வெளியேற்றிவிடுகிறார்கள். 1950களின் இறுதியில் டாஷ் கண்டுபிடித்த வழி இது.

நீலப் படிகத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. 750 டிகிரியில் வளரும்போது, ஏறி வரும் பிசகின் தலையில் ஆறு சரிவு கொண்ட பள்ளம் ஒன்று தானாகத் திறக்கிறது. சரிவின் மேல் வளரும் கிணறு மெலிந்து, இண்டியம் குறைந்து இருக்கும். எனவே அங்கே ஆற்றல் கூடுதல். வயலைச் சுற்றி வரப்பு மாதிரி அது எலக்ட்ரானைப் பிசகுப் பக்கம் போகவிடாமல் தடுக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும் இந்தப் பள்ளங்களை ஒரு காலத்தில் ஒழிக்கப் பார்த்தார்கள். இப்போது இருநூறு நானோமீட்டர் சுற்றி அளவு பார்த்து வேண்டுமென்றே திறக்கிறார்கள். குறையையே குறைக்கு வேலி ஆக்கியது இந்தத் துறையின் மிக அழகான வேலை என்பது எங்கள் கருத்து.

நகரும் பிசகு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1970-ல் லெனின்கிராடில் அல்ஃபெரோவ் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பேனிஷ் இருவரும், அறை வெப்பத்தில் தொடர்ந்து எரியும் காலியம் ஆர்சனைடு லேசரைச் செய்தார்கள். தொடர்ந்து என்றால் சில நிமிடம், மிஞ்சினால் சில மணி நேரம். செத்த லேசரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒளிரும் பட்டையின் குறுக்கே கறுத்த கோடுகள் தெரிந்தன. அடித்தட்டிலிருந்து ஏறி வந்த ஒரே ஒரு பிசகு போதும். அதில் வெப்பமாகும் ஆற்றலே பக்கத்து அணுக்களை உசுப்பி இடம் மாற வைக்க, பிசகு ஊர்ந்து, வளைந்து, வலைப்பின்னலாக விரிகிறது. விரிந்த வலையில் இன்னும் அதிக எலக்ட்ரான் மாட்டும். கறையான் மாதிரி தின்னத் தின்னப் பெருகும் வேலை.

தீர்வு முழுக்க ஒழுக்கத்தில் வந்தது. பிசகு குறைந்த அடித்தட்டு, கீறலில்லாத கையாளுதல், விறைப்பு ஏற்றாத இண்டியம் பற்றவைப்பு. லேசர் பட்டை 5 மைக்ரான் அகலம், 300 மைக்ரான் நீளம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 1000 பிசகு உள்ள தட்டில் சுமார் 65 சிப்புக்கு ஒன்றில்தான் பிசகு விழும். அந்த ஒன்றைச் சூட்டில் எரியவைத்துக் கழித்துவிடலாம்.

காலியம் நைட்ரைடில் பிணைப்பு மிக வலுவானது, பிசகு அவ்வளவு எளிதாக ஊராது. அதனால் எல்.இ.டி. தப்பித்தது. ஆனால் நீல லேசருக்கு மின்னோட்டம் பல மடங்கு அதிகம். அங்கே இந்தச் சலுகை செல்லாது. சிலிக்கா பட்டைகளால் பிசகை மறைத்து, பக்கவாட்டில் வளர்ந்த சுத்தமான பகுதியில் லேசரை வைத்த பிறகுதான், 1990களின் இறுதியில் ஆயுள் 10,000 மணி நேரம் என்ற அளவைத் தொட்டது.

சலுகை செல்லாத இன்னொரு இடம், தண்ணீர் சுத்திகரிக்கும் புறஊதா எல்.இ.டி. கிருமியைக் கொல்ல 265 முதல் 280 நானோமீட்டர் வேண்டும். அதற்கு அலுமினியம் மிகுந்த படிகம். இண்டியம் இல்லாததால் துளைகளைப் பிடித்துவைக்கும் பள்ளங்களும் இல்லை. அலுமினிய அணு மேற்பரப்பில் நகர மறுப்பதால் 1200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சிலர் படியவைத்த அலுமினியம் நைட்ரைடு தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து 1700 டிகிரியில் வேகவைத்துப் பிசகை இறக்குகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் திறன் சில சதவீதத்தில் நிற்கிறது. வீட்டுச் சுத்திகரிப்பான்களில் பலவற்றில் இன்னும் 254 நானோமீட்டர் பாதரசக் குழாய் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கண்ணுக்குத் தெரியாத மிச்சம்

பிசகை அடக்கிய பிறகு மிஞ்சுவது ஓரிரு அணு அளவிலான புள்ளிக்குறை. கார்பனும் ஆக்சிஜனும் மூலவாயுவிலிருந்தும் கசிவிலிருந்தும் நுழைகின்றன. காலி இடங்கள் தாமே பிறக்கின்றன. நல்லதாக இருக்க வேண்டிய காலியம் நைட்ரைடு புறஊதா டார்ச்சில் மஞ்சளாக மினுங்கினால் இவற்றில் ஒன்று கை வைத்திருக்கிறது. துளை தருவதற்காக மக்னீசியம் கலந்த மேலடுக்கில் ஹைட்ரஜன் போய் மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்கியதால் பல ஆண்டு வீணாயின. 1992-ல் நகமுரா நைட்ரஜனில் 700 டிகிரிக்கு மேல் சுட்டாலே ஹைட்ரஜன் போய்விடும் என்று காட்டினார். கிணறுகளுக்குக் கீழே இண்டியம் கலந்த ஓர் அடுக்கை முன்கூட்டி வளர்த்தால், மேற்பரப்பில் மிதந்து வரும் குறைகளை அது விழுங்கிவிடுகிறது. கிணறு சுத்தமாகிறது. அந்த அடுக்கு உள்ள மாதிரியும் இல்லாத மாதிரியும் எக்ஸ் கதிரில் ஒன்று போலவே இருக்கும், ஒளியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

எக்ஸ் கதிர் என்றதும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேஃபரைச் சற்றே ஆட்டி ஆட்டி எடுக்கும் ராக்கிங் வளைவின் பாதி உயர அகலத்திலிருந்து பிசகை எண்ணலாம். அகலத்தை ரேடியனாக்கி இருமடியாக்கி, 4.35-ஆலும் விலகலின் இருமடியாலும் வகுக்க வேண்டும். 102 என்று குறிக்கும் சாய்ந்த தளத்தில் 300 ஆர்க் விநாடி வந்தால் விளிம்புப் பிசகு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 48 கோடி. மேற்பரப்புக்கு இணையான 002 தளத்தில் 250 வந்தால் சுழல் பிசகு சுமார் 13 கோடி. 002 தளம் சாய்வை மட்டும் பார்க்கும், திரும்பலைப் பார்க்காது. அதை மட்டும் காட்டி ‘என் படிகம் அருமை’ என்று எழுதினால் நம்பவேண்டாம். அதைவிடப் பெரிய தப்பு, கல்லூரியில் பொடி மாதிரிகளை அளக்க இருக்கும் பவுடர் கருவியில் எடுத்த அகலத்தை இந்த வாய்ப்பாட்டில் போடுவது. 0.1 டிகிரி என்பது 360 ஆர்க் விநாடி. பவுடர் கருவியின் சொந்த அகலமே அந்த அளவில் இருக்கும். அளப்பது கருவியை, படிகத்தை அல்ல. ஜெர்மானியப் படிகங்களில் நான்கு முறை திருப்பிய கற்றை உள்ள உயர்பிரிதிறன் கருவி வேண்டும்.

காலியம் ஆர்சனைடுத் தட்டை உருகிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்துக் குழிகளை எண்ணும் பழைய முறை இன்றும் நம்பகமானது. ஆர்சனிக் ஆவி வரும், புகைக்கூண்டு இல்லாமல் தொடவே கூடாது. பிசகு மிக நெருக்கமாக உள்ள படிகத்தில் குழிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எண்ணிக்கை குறைத்துக் காட்டும்.

கருவி எதுவும் இல்லாமல் மேசையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே வகை நீல எல்.இ.டி. இரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட்டும் தொடரில் 1 மெகாஓம் மின்தடையும் கொடுங்கள். ஓடுவது சுமார் 2.6 மைக்ரோ ஆம்பியர். இருட்டறையில் நல்ல சிப் இந்த அளவிலேயே தெளிவாக ஒளிரும். நிலைமின் அதிர்ச்சி பட்டோ, பிறவியிலேயோ கசிவுப் பாதை உள்ள சிப் இருண்டு கிடக்கும். மின்னோட்டம் எல்லாம் அந்தப் பாதை வழியே நழுவிவிடும். 20 மில்லி ஆம்பியரில் இரண்டும் ஒரே மாதிரி எரிந்திருக்கும், அதனால் கடையில் எரியவிட்டுப் பார்ப்பதில் இது பிடிபடாது.

வீட்டில் பல்பு திடீரென்று அணைந்துபோனால் படிகத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மூடிய கவசத்துக்குள் வேகும் டிரைவர் எனும் மின்சுற்றின் மின்தேக்கி பத்து டிகிரி ஏறினால் பாதி ஆயுளை இழக்கும், பெரும்பாலும் முதலில் போவது அதுதான். மஞ்சள் சதுரம் ஒன்றில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் தொடரில் அந்த ஒரு சிப்பின் இணைப்பு எரிந்திருக்கிறது. படிகம் கெட்டால் பல்பு சட்டென்று அணையாது. ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.